சங்கப் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?



காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் நம் வீட்டு அடுப்பில் வேகிற ரொட்டிக்கு மா எங்கே அரைபடுகிறது, தெரியுமா? அதில் பெரும் பங்கு திருகோணமலைத் துறைமுகத்து ஓரமாக இருக்கிற சீனன்குடாவில் அரைபடுகிறது. சிங்கப்பூர்க் கம்பனி ஒன்றோடு 1977 இல் செய்த ஒப்பந்தப்படி எழுந்த பிறீமா மா ஆலை 1980 முதல் அங்கே ஓடுகிறது. கப்பலில் வரும் கோதுமை அங்கே மாவாகி, மூட்டையாகி, மலைக்கும் ஏறி வருகிறது. சீனன்குடா நமக்குத் தூரத்து ஊர்தான். ஆனாலும் மா பிசையும்போது தினமும் நம் கையில் ஒட்டுகிற ஊர்.

மா அங்கிருந்து இங்கே வருகிறது. உறவு இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. 1977, 1983 ஆகிய வருடங்களின் கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கம் போன குடும்பங்கள் ஏராளம். உங்களில் பலருக்கு அந்தப் பக்கம் ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். எங்களுக்கும் அப்படி ஒரு சிநேகிதர் சீனன்குடாவில் இருக்கிறார். சில காலத்துக்கு முன் ஓர் இரவு பத்து மணிக்கு அவருடைய தாயார் காலமாகிவிட்டார். செய்தி கிடைத்ததும் விடிய பஸ் ஏறினோம். கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று போய் இறங்கியபோது பின்நேரம் ஆகிவிட்டது.

வாசலில் தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது. பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் பச்சைப் பெயின்டில் ஒரே எழுத்து. பெரிய கேத்தலில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் சிநேகிதர் திண்ணையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

சாவு வீட்டில் மகன் உட்கார்ந்து அழுவதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். நம் பக்கத்தில் அந்த நேரம் மூத்த மகன் எங்கே இருப்பான்? காசுக்கு ஓடிக்கொண்டிருப்பான். பெட்டிக்கு ஓர் இடம், வேனுக்கு ஓர் இடம், அரிசிக்கு ஓர் இடம் என்று கைமாற்றுக் கேட்டு அலைவான். அம்மாவின் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்த்திருக்க மாட்டான். இங்கே அந்த மகனுக்கு அழ நேரம் இருந்தது. அதைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம்.

கொட்டகை ஓரத்தில் ஓர் அக்கா நீளமான கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த வீதியின் மரணாதாரச் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர். "அக்கா, இதெல்லாம் யாருங்க குடுத்தது?" என்று கேட்டோம்.

"யாரும் குடுக்கலைங்க ஐயா. நாங்க கட்டினதுதான் திரும்பி வந்திருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு சங்கம், ஒரு தரும நிதி, ஒரு நலன்புரிக் குழு எப்படி நிற்கிறது, ஏன் விழுகிறது, அதிலே நம் பங்கு என்ன என்பதை உள்ளபடி பேசுவோம்.

எங்கள் பக்கத்துக் கதை

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறோம். நாங்கள் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) நல்ல சங்கம் ஒன்று இருந்தது. மாதாமாதம் சந்தா சேர்ந்தது, பெட்டியில் பணமும் இருந்தது. திருவிழா வந்தது. வெளிச்சத்துக்கும் மேளத்துக்கும் பணம் பற்றவில்லை. "சாமிக்குத்தானே, அடுத்த சம்பளத்தில் திருப்பி வைத்துவிடலாம்" என்று நாலு பேர் கோயில் வாசலில் நின்றபடியே பேசி முடித்தார்கள். கூட்டம் கூட்டவில்லை. புத்தகத்தில் எழுதவில்லை. நலன்புரி உத்தியோகத்தர் என்று பெயர் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நாங்களும் தலையாட்டினோம்.

திருவிழா முடிந்து மூன்றாவது கிழமை, கொழுந்தெடுக்கிற ஓர் அம்மா நெஞ்சுவலியில் இறந்துபோனார். பெட்டியைத் திறந்தால் ஆயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. மகன் டவுனில் நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு 40,000 ரூபா வாங்கினான். மாதம் 4,000 ரூபா வட்டி மட்டும். பத்து மாதம் கட்டினால் வாங்கிய அளவு பணம் வட்டியாகவே போய்விடும், முதல் அப்படியே நிற்கும். அந்த வருடம் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த தங்கச்சி படிப்பை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு புடவைக் கடைக்கு வேலைக்குப் போனது.

கவனியுங்கள். யாரும் திருடவில்லை. ஒரு சதம்கூட யார் வீட்டுக்கும் போகவில்லை. பணம் நல்ல காரியத்துக்குத்தான் போனது. ஆனால் இருக்கவேண்டிய நேரத்தில், இருக்கவேண்டிய இடத்தில் அது இல்லை. ஒரு பிள்ளையின் படிப்பு அதனால் போனது.

பணம் வரும் மூன்று வழிகள்

எந்தப் பொதுநலச் சங்கத்துக்கும் பணம் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான். மூன்றுக்கும் பலம் உண்டு, பலவீனமும் உண்டு.

முதல் வழி சொந்தக் கை. நம் பெரியவர்கள் காலத்தில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் இருந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை வேறு பானையில் போடுவார்கள். வீட்டுக்கு அது தெரியாத குறைவு. ஊர் முழுக்கச் சேர்ந்தால் அது மூட்டைக் கணக்கு. மாதச் சந்தாவும் அதே யோசனைதான். நாடு முழுவதும் சிங்களக் கிராமங்களிலும், தமிழ், முஸ்லிம் ஊர்களிலும் மரணாதாரச் சங்கங்கள் இந்த யோசனையில்தான் நடக்கின்றன. 1978 இல் பி. ஏ. கிரிவந்தெனிய தூக்கி நிறுத்திய சணச சிக்கன கடனுதவிச் சங்கங்களின் அத்திவாரமும் அங்கத்தவரின் சிறு சேமிப்புத்தான்.

சொந்தக் கை என்றால் காசு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1958 இல் கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற ஏழைக் கிராமத்துக்குப் போனார். கையில் பெரிய பணம் கிடையாது. வேலையைத்தான் கொடுத்தார்கள். அந்தச் சிரமதானத்திலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. கொட்டகை போடுகிற இளைஞனும், சாவு வீட்டுக்குச் சமைத்துக் கொடுக்கிற அக்காவும் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள்தான். அதைப் புத்தகத்தில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

சொந்தக் கையின் பலம், யாரும் அதை நிறுத்த முடியாது என்பது. பலவீனம், அது சிறியது என்பது. மண்சரிவு வந்தால் அது போதாது.

இரண்டாவது வழி வெளிக் கை. அரசாங்கம், வெளிநாட்டு உதவி நிறுவனம், பணக்காரரின் தருமம் எல்லாம் இதில் சேரும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தபோது சீனன்குடாவுக்கு அப்பால், குடாவின் மறுபக்கத்தில் இருக்கிற கிண்ணியாவில் ஆஸ்பத்திரியே அழிந்துபோனது. அப்படிப்பட்ட அழிவைச் சந்தாப் பணத்தால் சரிப்படுத்த முடியாது. வெளிப் பணம் வந்துதான் ஆகவேண்டும். ஆனால் அலை வடிந்த அன்று மாலை கிடைத்த முதல் கஞ்சி யாருடையது? பக்கத்து ஊர்க்காரர்களுடையது. கோயிலும் பள்ளிவாசலும் பன்சலையும் தேவாலயமும் திறந்து கொடுத்தது. பெரிய உதவி வந்து சேர நாள் எடுக்கும். பசி நாள் பார்க்காது.

நம் மலையிலேயே பார்த்தோமே. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. நாடே உதவி அனுப்பியது. அரிசியும் உடுப்பும் குவிந்தன. ஆனால் பிழைத்த குடும்பங்களுக்குப் புது வீடு கையில் கிடைக்க 2016 ஆகிவிட்டது. இடையில் போன அந்த இரண்டு வருடத்தையும் அவர்கள் தற்காலிக இடத்தில்தான் கழித்தார்கள்.

வெளிக் கையைப் பற்றிப் பேசும்போது காந்தியம் இயக்கத்தை நினைக்காமல் போக முடியாது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் டாக்டர் இராஜசுந்தரமும் 1970களின் நடுப்பகுதியில் வவுனியாவை மையமாக வைத்துத் தொடங்கிய இயக்கம் அது. 1977 கலவரத்தில் அகதியான நம் தோட்டத்துக் குடும்பங்களை வவுனியா, திருகோணமலை போன்ற மாவட்டங்களில் குடியேற்றினார்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து பாலர் பாடசாலை நடத்தினார்கள். பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டு உதவி நிறுவனங்களிடமிருந்து வந்தது. வேலை உள்ளூர் இளைஞர்களுடையது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அந்த வருட ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் உயிர் தப்பி, 2015 இல் காலமானார். அந்த வேலை நின்றது அவர்கள் பிழையால் அல்ல. ஆனால் வெளியில் இருந்து வருவது வெளிக் காரணத்தால் ஒரே நாளில் நின்றும் போகலாம் என்பதை நம் மக்கள் அங்கே பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது வழி தேயிலையோடு வரும் பணம். ஃபெயார்ட்ரேட் சான்று பெற்ற தோட்டங்களில், அந்த முத்திரையோடு விற்கிற தேயிலைக்கு விலைக்கு மேலே ஒரு தொகை வரும். அது கம்பனியின் லாபம் அல்ல, தொழிலாளரின் சம்பளமும் அல்ல. தொழிலாளர் தெரிவு செய்கிற குழு கூடி, பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, பொது நன்மைக்குச் செலவழிக்க வேண்டிய பணம். இதுபோல், தோட்டங்கள் கம்பனி நிர்வாகத்துக்குப் போன 1992 ஆம் ஆண்டிலேயே, அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வீடமைப்புக்கும் சமூக நலத்துக்கும் ஒரு ட்ரஸ்டை உண்டாக்கின. 2002 முதல் அதன் பெயர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். பிள்ளை மடுவம், வீடு, குடிதண்ணீர், மலசலகூடம் என்று தோட்டத்துக் காரியங்கள் பல இந்த வழியில் நடந்திருக்கின்றன.

இந்த மூன்றாவது வழியில் ஒரு ஆபத்து உண்டு. பணம் நம் பெயரால் வருகிறது, நமக்குத் தெரியாமலே செலவாகிறது. குழுவில் யார் இருக்கிறார், போன வருடம் என்ன தீர்மானித்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. கேளுங்கள். கேட்பது சண்டை அல்ல, உங்கள் பங்கு.

ஓர் உதாரணக் கணக்கு

"நூறு நூற்றைம்பது ரூபா கட்டி என்ன ஆகப்போகுது?" என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணம்தான், உங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு டிவிஷனில் 120 குடும்பம். குடும்பத்துக்கு மாதம் 150 ரூபா. மாதம் 18,000 ரூபா சேரும். வருடத்துக்கு 216,000 ரூபா.

ஒரு மரணத்துக்கு 30,000 ரூபா என்று வைப்போம். வருடத்தில் நாலு மரணம் என்றால் 120,000 ரூபா போகும். மிச்சம் 96,000. அதில் 36,000 ரூபாவுக்குக் கதிரை, கேத்தல், கொட்டகைத் தகரம் வாங்கினால், 60,000 ரூபா பாங்கில் நிற்கும். அதாவது இன்னும் இரண்டு மரணத்துக்கான பணம்.

கெட்ட வருடம் வந்தால்? ஏழு மரணம் என்றாலும் 210,000 தான். சமாளிக்கலாம். எட்டு என்றால் அந்த வருடத்துச் சந்தா போதாது, கையிருப்பைத் தொடவேண்டும். ஆகவேதான் கையிருப்பு முக்கியம். புதுச் சங்கம் தொடங்குகிறவர்கள் முதல் ஆறு மாதம் பணம் கொடுப்பதில்லை என்று விதி வைத்தால், 108,000 ரூபா சேர்ந்த பிறகே கொடுக்கத் தொடங்கலாம். அப்படி விதி வைப்பது கல்நெஞ்சம் அல்ல. முதல் மாதமே கொடுத்து மூன்றாம் மாதம் கையை விரிப்பதுதான் கொடுமை.

இந்தக் கணக்கில் ஒரு ரகசியம் இருக்கிறது. சங்கத்தின் பலம் தொகையில் இல்லை, தொடர்ச்சியில் இருக்கிறது. ஒருவர் ஒரே தடவை 10,000 ரூபா கொடுப்பதைவிட, நூறு பேர் மாதம் தவறாமல் நூறு ரூபா கட்டுவது பெரியது.

பெட்டியைக் காக்கும் ஐந்து பழக்கங்கள்

சீனன்குடா அக்காவின் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தோம். அதிலிருந்தும் எங்கள் பிழைகளிலிருந்தும் படித்ததைச் சொல்கிறோம்.

ஒன்று. பணம் வீட்டில் இருக்கக்கூடாது. சங்கத்தின் பெயரில் பாங்குக் கணக்கு வேண்டும். பணம் எடுக்க இரண்டு பேர் கையொப்பம் வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. நள்ளிரவில் சாவு விழுந்தால் பாங்கு திறந்திருக்காது. அதற்காக ஒரு மரணத்தின் முதற் செலவுக்கு அளவான தொகை மட்டும் பொருளாளர் கையில் இருக்கலாம்.

இரண்டு. வாங்கினாலும் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு. சொந்த அண்ணனிடம் வாங்கினாலும் எழுதுங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று சிலர் கோபிப்பார்கள். நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் எழுதுகிறோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

மூன்று. கணக்கை வாசிக்க வேண்டும். எழுதி அலுமாரியில் வைத்தால் போதாது. அங்கத்தவர் கூடுகிற நாளில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் உரக்க வாசியுங்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் காது கேட்கும்தானே? வருடத்துக்கு ஒரு தடவை கமிட்டியில் இல்லாத ஒருவர் கணக்கைப் பார்க்கட்டும். ஆசிரியர் ஒருவர் கிடைத்தால் நல்லது.

நான்கு. எதற்கான பணம் அதற்கு மட்டும். மரணப் பணம் திருவிழாவுக்குப் போகக்கூடாது. திருவிழாவுக்கு வேறு உண்டியல் வையுங்கள். கடன் கொடுக்க விருப்பமென்றால் அதற்கென்று தனிச் சேமிப்புச் சங்கம் வையுங்கள். சாமி கோபிக்காது. அந்தத் தோட்டத்தில் நடந்ததை நினைத்தால், சாமி எதற்குக் கோபித்திருக்கும் என்று எங்களுக்கு இப்போது விளங்குகிறது.

ஐந்து. யார் யாருக்குக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள், கூட இருக்கிற தாய் தகப்பன், மாமன் மாமி என்று பெயர் பெயராக எழுதுங்கள். சாவு வீட்டில் நின்று "மாமியாருக்கு உண்டா இல்லையா" என்று வாதாடுவது அசிங்கம்.

இதிலே இன்னொரு விஷயம். பல தோட்டங்களில் சந்தாவைச் செக்ரோலிலேயே பிடிக்கிறார்கள். சுலபம்தான். ஆனால் ஓய்வு பெற்ற தாத்தாவின் பெயர் செக்ரோலில் இல்லை. நிரந்தரப் பதிவில்லாமல் கைக்காசுக்கு வேலை செய்கிறவரின் பெயரும் இல்லை. முப்பது வருடம் சந்தா கட்டியவர், உதவி தேவைப்படுகிற வயதில் அங்கத்துவம் இழந்து நிற்கிறார். இப்படிப்பட்டவர்கள் கையில் காசு கட்டவும் வழி வையுங்கள். உங்கள் சங்கத்தில் இது எப்படி என்று இந்த மாதமே கேளுங்கள்.

பதிவையும் மறக்க வேண்டாம். தன்னார்வச் சமூக சேவை அமைப்புகளைப் பதிவு செய்வதற்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் சிறிய சங்கத்தை எந்த வழியில் பதிவு செய்வது பொருத்தம் என்று கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுச் செய்யுங்கள்.

தருமம் வேறு, உரிமை வேறு

நெஞ்சுவலியில் இறந்த அந்த அம்மாவின் கதை இன்னும் முடியவில்லை. சங்கத்தில் பணம் இல்லை, சரி. ஆனால் அவருக்கென்று சேர்ந்த பணம் வேறு இடத்தில் இருந்தது. ஊழியர் சேமலாப நிதி 1958 ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, வேலை கொடுப்பவரின் பங்கு நூற்றுக்கு 12. தொழில் திணைக்களம் அதை நிர்வகிக்கிறது, பணம் மத்திய வங்கியில் இருக்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதி 1980 ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு வேலை கொடுப்பவர் மட்டும் நூற்றுக்கு 3 கட்டுகிறார். சேவைக்காலப் பணம் என்று நாம் சொல்லும் பணிக்கொடை 1983 ஆம் ஆண்டுச் சட்டம். ஐந்து வருடத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். தொழிலாளி இறந்தால் இவை உரித்தாளருக்குச் சேரவேண்டியவை.

அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு இந்தப் பணம் கைக்கு வர மிகவும் சுணங்கிவிட்டது. காரணம் என்ன? செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர். வீட்டில் கூப்பிட்ட பெயர் அந்தக் காலத்தில் செக்ரோலில் ஏறிவிட்டது. பிறகு யாரும் திருத்தவில்லை. ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்தப் பையன் எத்தனை நாள் பேர் விட்டு அலைந்தான்! வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆகவே, வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதியின் பீ கார்ட் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே, நீங்கள் சுகமாக இருக்கும்போதே, தோட்டத்து ஒபிசில் சொல்லித் திருத்தம் கேளுங்கள். பின்னுரித்தாளர் பெயர் கொடுத்திருக்கிறீர்களா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

தருமம் நல்லதுதான். ஆனால் உரிமை கிடைக்கவேண்டிய இடத்தில் தருமத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கக்கூடாது. சேமலாப நிதி யாரும் போடுகிற பிச்சை அல்ல, நம் சம்பளத்தின் மிச்சம். நல்ல சங்கம் என்றால், சாவு வீட்டில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகாது. எட்டுச் செலவு முடிந்ததும் திரும்பி வந்து, "படிவம் நிரப்பியாச்சா? மரணச் சான்றிதழ் எடுத்தாச்சா?" என்று கேட்கும்.

சாவுக்கு மட்டும்தானா?

"உயிரோடு இருக்கும்போது சங்கம் ஒன்றும் செய்யாதா?" என்று ஒரு தங்கச்சி எங்களிடம் கேட்டது. நல்ல கேள்வி. மரணக் கணக்கு ஒழுங்காக நின்ற பிறகு, அதே பழக்கத்தில் வேறு காரியமும் செய்யலாம். இரவில் பிள்ளை வலி வந்த தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் கூலி. ஜனவரியில் அப்பியாசக் கொப்பி வாங்க முன்பணம். மழைக்காலத்தில் பறக்கிற கூரைத் தகரத்தைப் பிடிக்கச் சிரமதானம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தனிக் கணக்கு வேண்டும். மரணப் பணத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

மாதர் சங்கத்தை இதில் முன்னுக்கு விடுங்கள் என்று நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். மாதச் சம்பளத்தை அரிசிக்கும் மாவுக்கும் சீட்டுக்கும் பங்கு போட்டுச் சமாளிக்கிறவர்கள் அவர்கள்தான். கணக்கு அவர்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. கமிட்டியில் மட்டும் ஏன் பின்வரிசையில் உட்காருகிறார்கள்?

கதிரைக் கணக்கு

நாங்கள் சீனன்குடாவை விட்டுக் கிளம்புமுன், எல்லாம் முடிந்து கொட்டகையைக் கழற்றினார்கள். இரண்டு பையன்கள் கதிரைகளை அடுக்கினார்கள். அந்த அக்கா புத்தகத்தோடு நின்று ஒவ்வொன்றாக எண்ணினார். கேத்தலைக் கழுவி வைத்தாயிற்றா என்று உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு ஒரு கோடு போட்டுக் கையொப்பம் வைத்தார்.

"நாப்பத்தெட்டு போனிச்சு, நாப்பத்தெட்டு வந்திருச்சு" என்றார் எங்களைப் பார்த்து. "அடுத்த வீட்டுக்குத் தேவைப்படும் இல்லீங்களா?"

அடுத்த வீடு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. அது நம் வீடாகவும் இருக்கலாம். ஆகவே இந்தச் சம்பள நாளில் சந்தாவைக் கட்டும்போது, உங்கள் பொருளாளரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: "இப்ப எவ்வளவு இருக்கு? எங்க இருக்கு? கடைசியா எப்ப வாசிச்சீங்க?" பதில் உடனே வந்தால் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லுங்கள். வராவிட்டால் கூட்டம் கூட்டச் சொல்லுங்கள். கூப்பிட்டால் நாங்களும் வருகிறோம். இந்தத் தடவை சும்மா நின்று தலையாட்ட மாட்டோம்.